ஃபில்டரில் விடுபடும் வரிசைகள்: எக்செல் முதல் பைத்தான் வரை தரவை வடிகட்டும் முறை

விற்பனைப் பட்டியலில் ஆயிரம் வரிசை இருக்கிறது. ஊர் "மதுரை" என்று நிபந்தனை கொடுத்ததும் 212 வரிசை வந்து நிற்கிறது. மேலிருந்து கீழ்வரை பார்த்தால் எல்லாமே மதுரைதான், சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்ட "மதுரை", ஆங்கிலத்தில் தட்டிய மதுரை, ஊர்ப் பெயரே நிரப்பாத மதுரை வாடிக்கையாளர் என்று பலவும் அந்த 212-இல் இல்லை. தப்பாக உள்ளே வந்த வரிசை கண்ணில் பட்டுவிடும். தப்பாக வெளியே நின்றதை, மாதக் கணக்கு உதைக்கும்வரை யாரும் பார்ப்பதில்லை. அந்த வெளியே நிற்கும் வரிசைகளைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்தக் கருவியானாலும் ஃபில்டர் செய்வது ஒரே வேலை. ஒவ்வொரு வரிசையிடமும் ஒரு கேள்வி கேட்கும். "ஆம்" என்ற வரிசையை வைத்துக்கொள்ளும். காலி செல்லுக்கு என்ன பதில், எழுத்தாகக் கிடக்கும் எண்ணுக்கு என்ன பதில் என்று வரும்போதுதான் எக்செல் ஒரு பக்கம், தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் ஒரு பக்கம், பைத்தானின் தரவுத் தொகுதியான பாண்டாஸ் ஒரு பக்கம் என்று இழுக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மொத்த மளிகைக் கடைப் பட்டியலை வைத்துக்கொள்வோம். ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் பில் எண், சி-யில் வாடிக்கையாளர், டி-யில் ஊர், இ-யில் தொகை, எஃப்-இல் பாக்கி. முதல் வரிசை தலைப்பு. 2 முதல் 1001 வரை தரவு. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டவும்.

ஃபில்டருக்கு முன் செய்ய வேண்டியவை

தலைப்பு ஒரே வரிசையில் இருக்க வேண்டும். நடுவில் காலி வரிசை கூடாது. ஏதாவது ஒரு செல்லில் நின்று ஃபில்டர் போட்டால், எக்செல் முதல் காலி வரிசையோடு பட்டியல் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ளது எதுவும் கணக்கில் வராது. கன்ட்ரோல் + டி (T) அழுத்திப் பட்டியலை டேபிளாக மாற்றிவிடுவது நல்லது. அப்போது வருகிற பெட்டியிலேயே எல்லை எதுவரை என்று சரிபார்க்கலாம். பிறகு சேர்க்கும் வரிசைகளும் தானாக உள்ளே வரும். கீழே "மொத்தம்" என்று ஒரு வரிசை ஒட்டியிருந்தால் அதைத் தலைப்புக்கு மேலே கொண்டுபோய் வையுங்கள். இல்லாவிட்டால் அதையும் ஒரு பில் என்று எண்ணிக்கொள்ளும்.

இணைத்த செல்கள் இருந்தால் பிரித்தே ஆக வேண்டும். ஊர்ப் பெயரை ஐந்து வரிசைக்குச் சேர்த்து ஒரே செல்லாக்கி அழகாக எழுதியிருப்பார்கள். மதிப்பு உண்மையில் மேல் செல்லில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற நான்கும் காலி. ஃபில்டர் போட்டால் ஐந்தில் ஒன்றுதான் வரும். சரிசெய்யும் வழி: இணைப்பை நீக்குங்கள், அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுங்கள், கன்ட்ரோல் + ஜி அழுத்தி ஸ்பெஷல் என்பதில் பிளாங்க்ஸ் எடுங்கள். காலி செல்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். = தட்டி மேல்நோக்கிய அம்பை ஒருமுறை அழுத்தி, கன்ட்ரோல் + என்டர் கொடுங்கள். எல்லாச் செல்லும் தனக்கு மேலே உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த நெடுவரிசையை நகலெடுத்து அதே இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்டிவிடுங்கள். ஃபார்முலாவாகவே விட்டால் வரிசை மாற்றும்போது ஊரெல்லாம் இடம் மாறிவிடும்.

அடுத்து, எண்கள் உண்மையிலேயே எண்களா என்று பார்க்க வேண்டும். வெற்றுச் செல் ஒன்றில் தொகை நெடுவரிசைக்கு கவுண்ட் போடுங்கள், பக்கத்தில் கவுண்ட்ஏ போடுங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டாவது காலியல்லாத எல்லாவற்றையும் எண்ணும். 987-உம் 1000-உம் வந்தால் 13 தொகைகள் எழுத்தாகக் கிடக்கின்றன. "ரூ. 1,250" என்று தட்டியது, வேறு மென்பொருளிலிருந்து இறக்கியது எல்லாம் இப்படித்தான் வரும். எக்செலின் ஒப்பீட்டு விதிப்படி எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே ஃபார்முலாவில் "தொகை > 500" என்று கேட்டால், எழுத்தாகக் கிடக்கும் 300-உம் "ஆம்" என்று உள்ளே வந்துவிடும். திருத்துவதற்கு: "ரூ." போன்றவற்றை ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் நீக்குங்கள், நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் எடுத்து, வேறெதுவும் மாற்றாமல் ஃபினிஷ் அழுத்துங்கள். கவுண்ட் மீண்டும் 1000 காட்ட வேண்டும்.

எண்ணாக மாற்றவே கூடாதவையும் உண்டு. எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். நீளமான வங்கிக் கணக்கு எண்களை எழுத்தாகவே வையுங்கள். அப்படி வைத்தாலும் கவுண்ட்இஃப் அவற்றை எண்ணாகப் பாவித்தே ஒப்பிடும் என்பதால், முதல் 15 இலக்கம் ஒன்றாக உள்ள இரண்டு கணக்குகளை ஒரே கணக்கென்று சொல்லும். இரட்டைப் பதிவு தேடும்போது இது பொய்யான முடிவைத் தரும்.

தேதிதான் எல்லாவற்றிலும் மோசம். எக்செலுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணும் ஒரு தொடர் எண். கணினி அமெரிக்க அமைப்பில் இருக்கும்போது நம் ஊர் முறையில் எழுதிய கோப்பைத் திறந்தால், 13/04/2024 என்பதில் 13-ஆம் மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே நின்றுவிடும். அது பரவாயில்லை, கவுண்ட் காட்டிக்கொடுத்துவிடும். 03/04/2024 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். எழுத்தாக நிற்கும் தேதிகள் எல்லாம் 13-இலிருந்து 31-க்குள் இருந்தால், மற்றவை நாளும் மாதமும் மாறிப்போயிருக்கின்றன என்று அர்த்தம். எழுத்தாக நிற்பதை மட்டும் திருத்தினால் போதாது. மூலக் கோப்பிலிருந்து மறுபடி இறக்கி, இறக்கும்போதே அந்த நெடுவரிசை நாள்-மாதம்-ஆண்டு என்று குறிப்பிடுங்கள்.

இடைவெளிகளுக்கு டிரிம் போதும், இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தது தவிர. அங்கிருந்து வரும் இடைவெளி எண் 160. டிரிம் அதைத் தொடாது. சப்ஸ்டிட்யூட் கொண்டு யூனிகார் 160-ஐச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு, அதன்மேல் டிரிம் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாதது ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க லென் உதவும். "மதுரை" என்பதற்கு லென் 5 வர வேண்டும்: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. 6 வந்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது.

எக்செலில் பொத்தான் ஃபில்டர்

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எல் அழுத்தினால் தலைப்புகளில் அம்பு வரும். மறுபடி அழுத்தினால் போகும். தலைப்புச் செல்லில் நின்று ஆல்ட் + கீழ் அம்பு அழுத்தினால் பட்டியல் திறக்கும். ஒரே நெடுவரிசையில் பல ஊர்களைத் தேர்ந்தெடுத்தால் "அல்லது". இரண்டு நெடுவரிசையில் ஃபில்டர் போட்டால் "மற்றும்". மதுரை, அல்லது பாக்கி உள்ளவர் என்று இரண்டு நெடுவரிசைக்குக் குறுக்கே "அல்லது" கேட்க இதில் வழியில்லை. அதற்கு அட்வான்ஸ்டு ஃபில்டர் அல்லது ஃபார்முலா வேண்டும்.

தேடல் பெட்டியில் "புத்தூர்" என்று தட்டினால் கோயம்புத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்தே வரும். அதில் வேண்டியதை மட்டும் டிக் செய்யுங்கள். அடுத்து வேறொன்றைத் தேடிச் சேர்க்க, "தற்போதைய தேர்வை ஃபில்டரில் சேர்" என்னும் பெட்டியை டிக் செய்தால் முதல் தேர்வு அழியாது. கஸ்டம் ஃபில்டரில் ஒரு நெடுவரிசைக்கு இரண்டு நிபந்தனைதான். * எத்தனை எழுத்துக்கும், ? ஓர் எழுத்துக்கும் நிற்கும். உண்மையான * குறியையே தேட முன்னால் ~ போடுங்கள். தமிழில் ? போடும்போது உயிர்மெய் ஒன்று இரண்டு குறியீடாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். "கா" என்பதற்கு இரண்டு ? குறி வேண்டும்.

தேதி நெடுவரிசையில் அம்பைத் திறந்தால் உண்மையான தேதிகள் ஆண்டு, மாதம், நாள் என்று மரமாக அடங்கியிருக்கும். எழுத்தாகக் கிடப்பவை அதற்கு வெளியே தனித்தனியாக நிற்கும். இதைவிட வேகமான தேதிச் சோதனை இல்லை. பட்டியல் பெட்டி முதல் 10,000 வெவ்வேறு மதிப்புகளை மட்டும் காட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய கோப்பில் பில் எண் பெட்டியில் இல்லை என்றால் தரவில் இல்லை என்று ஆகாது. தேடியோ நிபந்தனை கொடுத்தோ பாருங்கள்.

ஃபில்டர் போட்டபின் சம் போட்டால் மறைந்த வரிசைகளையும் கூட்டிவிடும். சப்டோட்டல் போட்டு முதல் இடத்தில் 9 கொடுங்கள். ஃபில்டரில் மறைந்ததை விட்டுவிடும். 109 கொடுத்தால் கையால் மறைத்த வரிசைகளையும் விட்டுவிடும். எண்ணிக்கைக்கு 103. இந்த இரண்டையும் தலைப்புக்கு மேலே நிரந்தரமாக வைத்துக்கொண்டால், ஃபில்டரை மாற்ற மாற்ற எண்ணிக்கையும் தொகையும் கண்முன் நிற்கும்.

ஒட்டும்போது கவனம் வேண்டும். ஃபில்டர் செய்த பட்டியலை நகலெடுத்தால் தெரிவது மட்டும் வரும். ஆனால் பல செல்களை ஃபில்டர் செய்த பட்டியலுக்குள் ஒட்டினால், மறைந்திருக்கும் வரிசைகளிலும் அவை விழும். தெரியாமலே பழைய பில்கள் அழியும். மதிப்பை நிரப்ப வேண்டுமென்றால், இடத்தைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் + ; (அரைப்புள்ளி) அழுத்தித் தெரியும் செல்களை மட்டும் எடுத்து, ஒரே மதிப்பைத் தட்டி கன்ட்ரோல் + என்டர் கொடுங்கள். தரவை மாற்றியபின் ஃபில்டர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. கன்ட்ரோல் + ஆல்ட் + எல் அழுத்த வேண்டும்.

அட்வான்ஸ்டு ஃபில்டரில் நிபந்தனைகளை ஷீட்டிலேயே தனி இடத்தில் எழுதுகிறோம். தலைப்புப் பெயர் அப்படியே இருக்க வேண்டும். ஒரே வரிசையில் எழுதியது "மற்றும்", அடுத்தடுத்த வரிசையில் எழுதியது "அல்லது". நிபந்தனை எல்லைக்குள் ஒரு காலி வரிசை நுழைந்துவிட்டால் எல்லா வரிசையும் வந்துவிடும். வெறும் "ராம்" என்று எழுதினால் ராம்குமார், ராம்பிரசாத் எல்லாம் வரும், ஏனென்றால் அது "ராம் என்று தொடங்குவது" என்றே எடுத்துக்கொள்ளும்.

ஃபில்டர் ஃபங்ஷன்

எக்செல் 2021-இலும் மைக்ரோசாஃப்ட் 365-இலும் இது உண்டு. லிப்ரேஆபிஸ் கால்க்கில் 24.8 பதிப்பிலிருந்து. மூலப் பட்டியலைத் தொடாமல் விடையை வேறிடத்தில் தரும், தரவு மாறினால் விடையும் மாறும். மாதாமாதம் செய்யும் வேலைக்கு இதுதான் சரி.

முதல் இடத்தில் முழு எல்லை: ஏ2:எஃப்1001. இரண்டாவது இடத்தில் நிபந்தனை: டி2:டி1001 = "மதுரை". மூன்றாவதில், எதுவும் கிடைக்காவிட்டால் காட்ட வேண்டிய சொல். மூன்றாவதை விட்டுவிட்டு, ஒரு வரிசையும் கிடைக்காவிட்டால் கால்க் (#CALC!) பிழை வரும். எல்லையும் நிபந்தனையும் ஒரே எண்ணிக்கை வரிசை இல்லாவிட்டால் வேல்யூ பிழை. விடை இறங்கும் இடத்தில் ஏதாவது எழுதியிருந்தால் ஸ்பில் பிழை. கீழே உள்ளதை அழித்தால் போதும்.

இரண்டு நிபந்தனைக்கு ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் போட்டு இடையில் * வையுங்கள். "அல்லது" என்றால் +. ஆண்ட் ஃபங்ஷனை இங்கே போடவே கூடாது. அது ஆயிரம் விடைகளையும் சேர்த்து ஒரே விடையாக்கிவிடும். ஃபில்டரின் = குறி * ? எதையும் மதிக்காது; "உள்ளடங்கியது" என்று கேட்க ஸேர்ச் போட்டு அதை இஸ்நம்பருக்குள் வைக்க வேண்டும்.

காலி செல்கள் இங்கே இரண்டு விதமாகத் தொல்லை தரும். பாக்கி < 500 என்று கேட்டால் காலி செல் பூஜ்யமாகக் கருதப்பட்டு உள்ளே வரும். அதே கேள்வியை கவுண்ட்இஃப்-இல் கேட்டால் காலியை எண்ணாது. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். காலி வேண்டாம் என்றால் (எஃப்2:எஃப்1001 <> "") என்பதையும் * போட்டுப் பெருக்குங்கள். மேலும், விடையில் காலி செல் 0 என்று தெரியும். பாக்கி இல்லை என்பதும் பாக்கி எழுதப்படவில்லை என்பதும் அங்கே ஒன்றாகிவிடும்.

கூகுள் ஷீட்ஸில் நிபந்தனைகளைக் காற்புள்ளியிட்டு அடுக்கினாலே "மற்றும்" ஆகிவிடும். மூன்றாவது இடத்தில் மாற்றுச் சொல் கிடையாது. கிடைக்காதபோது என்/ஏ வரும், இஃப்என்ஏ-வுக்குள் வைக்கலாம். பலர் ஒரே ஷீட்டில் வேலை செய்யும்போது சாதாரண ஃபில்டர் போட்டால் எல்லாருக்கும் வரிசைகள் மறையும். ஃபில்டர் வியூ உருவாக்கிக்கொண்டால் உங்களுக்கு மட்டும். கியூரி ஃபங்ஷன் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு நெடுவரிசையில் எண்ணும் எழுத்தும் கலந்திருந்தால் எது அதிகமோ அதையே அந்த நெடுவரிசையின் வகையாகக் கொள்ளும், குறைவானவை எல்லாம் காலியாகிவிடும். "104" எண்ணாகவும் "104-ஏ" எழுத்தாகவும் கலந்த பில் எண்கள் இப்படித்தான் காணாமல் போகும். முழு நெடுவரிசையையும் எளிய எழுத்து வடிவுக்கு மாற்றிவிட்டுக் கேளுங்கள்.

எஸ்கியூஎல்

இங்கே "ஆம்", "இல்லை" தவிர மூன்றாவதாக "தெரியாது" என்றொரு விடை உண்டு. ஊர் நிரப்பாத இடத்தில் நல் (NULL), அதாவது "மதிப்பே இல்லை" என்ற குறி, இருக்கும்; அதை எதோடு ஒப்பிட்டாலும் விடை "தெரியாது". வரிசைகளை வடிகட்டும் வேர் (WHERE) நிபந்தனை "ஆம்" என்பதை மட்டும்தான் உள்ளே விடும். ஆகவே ஊர் = மதுரை என்று கேட்டாலும் ஊர் <> மதுரை என்று கேட்டாலும் ஊர் இல்லாத வரிசை இரண்டிலும் வராது. 212 + 750 = 962 என்று நிற்கும்; 38 எங்கே என்று தேட வேண்டியிருக்கும். "அல்லது ஊர் இஸ் நல்" என்று சேர்த்தால்தான் வரும். எக்செல் இதற்கு நேர்மாறு: அங்கே காலி செல் "மதுரை அல்ல" என்பதற்குள் வந்துவிடும். எக்செலிலிருந்து தரவுத்தளத்துக்கு ஓர் அறிக்கையை மாற்றும்போது எண்கள் குறைவது பெரும்பாலும் இங்கேதான்.

"இந்தப் பட்டியலில் இல்லாதவை" என்று கேட்கும் நாட் இன் (NOT IN) இதைவிட ஆபத்து. உள்ளே உள்ள துணைக் கேள்வி தரும் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் மொத்த விடையும் காலியாகிவிடும். நாட் எக்ஸிஸ்ட்ஸ் பயன்படுத்துங்கள்.

தேதிக்கு பிட்வீன் இரு முனைகளையும் சேர்க்கும். ஆனால் நெடுவரிசையில் மணியும் இருந்தால், ஏப்ரல் 1 முதல் ஏப்ரல் 30 வரை என்பது ஏப்ரல் 30 நள்ளிரவு பூஜ்ய மணியோடு முடியும். அன்றைய முழு வியாபாரமும் வெளியே. ஏப்ரல் 1-க்கு >=, மே 1-க்கு < என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது. எக்செலிலும் இதே விதி பொருந்தும்.

ஆண்ட் (AND), ஆர் (OR) என்பதைவிட முன்னால் கணக்கிடப்படும். "ஊர் மதுரை ஆர் ஊர் தேனி ஆண்ட் பாக்கி > 0" என்று எழுதினால் மதுரையில் பாக்கி இல்லாதவரும் வருவார்கள். அடைப்புக்குறி போடுங்கள். இரண்டு அட்டவணைகளை லெஃப்ட் ஜாயின் கொண்டு இணைத்துவிட்டு, வலப்பக்க அட்டவணையின் நெடுவரிசைக்கு வேர் நிபந்தனை வைத்தால், ஜோடி கிடைக்காத வரிசைகள் எல்லாம் போய்விடும். அந்த நிபந்தனையை ஜாயினின் ஆன் (ON) பகுதிக்குள் வையுங்கள். தொகுத்தபின் வரும் கூட்டுத்தொகையை வடிகட்ட ஹேவிங்; தொகுப்பதற்கு முன் வரிசைகளை வடிகட்ட வேர்.

பைத்தானும் பாண்டாஸும்

சாதாரணப் பட்டியலுக்கு, ஒரே வரியில் புதுப் பட்டியல் எழுதும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனே தெளிவானது. பைத்தான் 3-இன் ஃபில்டர் ஃபங்ஷன் பட்டியலைத் தராது. ஒருமுறை மட்டுமே ஓடும் இட்டரேட்டரைத் தரும். முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்து அச்சிட்டால் காலியாக வரும். அதற்கு நிபந்தனையாக நன் (None) கொடுத்தால் காலிகளோடு 0 தொகையும் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் லூப்புக்குள்ளேயே அதே பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. ஒன்றை நீக்கியதும் அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்து, சோதிக்கப்படாமலே தாண்டிப்போகும்.

பாண்டாஸில் கோப்பைப் படிக்கும்போதே பில் எண், தொலைபேசி, கணக்கு எண் ஆகியவற்றை எழுத்து வகையாகப் படியுங்கள். எக்செலில் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். சில வழிகளில் படிக்கும்போது அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, "தேதி" என்ற நெடுவரிசையே இல்லை என்று பிழை வரும். என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் தீர்ந்தது.

நிபந்தனைகளை & மற்றும் | கொண்டு இணைக்க வேண்டும். ஆண்ட் என்ற சொல்லை எழுதினால், உண்மையா பொய்யா என்று தீர்மானிக்க முடியவில்லை என்ற பிழை வரும். & குறி == குறியைவிட இறுக்கமாகப் பிணையும் என்பதால் ஒவ்வொரு நிபந்தனைக்கும் அடைப்புக்குறி கட்டாயம். பல ஊர்களுக்கு இஸ்இன். கன்டெய்ன்ஸ் பயன்படுத்தும்போது இரண்டு விஷயம்: தேடும் சொல்லை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக (குறிகளுக்குத் தனிப் பொருள் உள்ள தேடல் வடிவமாக) எடுத்துக்கொள்ளும், ஆகவே "க. முருகன்" என்பதில் உள்ள புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும், அதை அணைக்க ரீஜெக்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். காலி இருந்தால் என்ன விடை என்று என்ஏ இடத்தில் ஃபால்ஸ் கொடுங்கள்.

வழக்கமான பாண்டாஸ் நெடுவரிசையில் காலி மதிப்பு, != ஒப்பீட்டில் "ஆம்" என்று உள்ளே வரும்; எஸ்கியூஎல்லில் வெளியே போனதே அது. >, < ஒப்பீடுகளில் "இல்லை". ஒரே கேள்வியை இரண்டு இடத்திலும் ஓட்டும்போது காலிகளைத் தனியே கையாளுங்கள்.

வடிகட்டியபின் பழைய வரிசை எண்களே ஒட்டியிருக்கும். முதல் வரிசையை 0 என்று பெயர் சொல்லிக் கேட்டால் பிழை வரலாம். ரீசெட் இன்டெக்ஸ் செய்யுங்கள். விடையில் மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்றால் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்திலேயே மாற்றம் வேண்டுமென்றால் லாக் (loc) வழியாக நிபந்தனையையும் நெடுவரிசையையும் ஒரே படியில் கொடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஃபில்டர் மூலப் பட்டியலை மாற்றாது. அம்பு ஃபங்ஷனுக்கு நெளிவு அடைப்புக்குறி போட்டுவிட்டு ரிட்டர்ன் எழுத மறந்தால் எப்போதும் காலி விடைதான். ஆர் (R) மொழியில் டிப்ளையர் தொகுதியை ஏற்றாமல் ஃபில்டர் என்று எழுதினால், பெயர் மட்டும் ஒன்றான வேறொரு புள்ளியியல் ஃபங்ஷன் ஓடும். டிப்ளையரின் ஃபில்டர் காலியை விட்டுவிடும். சதுர அடைப்புக்குறி முறையோ காலி வரிசைகளையே விடையில் நுழைத்துவிடும்.

தமிழ்ப் பெயர்களை வடிகட்டும்போது

இந்தப் பகுதிக்கு ஆங்கில வழிகாட்டிகளில் இடமே இருக்காது, ஆனால் நம் பட்டியல்களில் அதிகம் விடுபடுவது இங்கேதான்.

முதலில் எழுத்துருவைச் சோதியுங்கள். தமிழ் தெரியும் நெடுவரிசையின் எழுத்துருவை ஏரியல் ஆக்குங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோட். ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறினால் அது பாமினி போன்ற பழைய முறை. யூனிகோடில் தட்டும் "மதுரை" அதில் ஒருநாளும் கிடைக்காது. முழுதும் மாற்றிய பிறகே தொடருங்கள். பாதி பழையது, பாதி யூனிகோட் என்று கலந்த கோப்புகளும் உண்டு, கடைசி வரிசைவரை பாருங்கள்.

யூனிகோடுக்குள்ளும் ஒரே தோற்றத்துக்கு இரண்டு வடிவம் இருக்கலாம். "கோவை" என்பதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருந்தால் நீளம் 4. ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் நீளம் 5. திரையில் வேறுபாடே தெரியாது. பைத்தானுக்கு இரண்டும் வேறு சொற்கள். யூனிகோட்டேட்டா என்னும் தொகுதியில் நார்மலைஸ் கொண்டு என்எஃப்சி என்னும் சேர்த்தெழுதிய வடிவுக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். தரவை மட்டுமல்ல, தேடும் சொல்லையும் மாற்றுங்கள். ஆனால் "கௌசல்யா" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் "ள" எழுத்தும் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. "ஸ்ரீ"-யும் அப்படித்தான்: முதல் எழுத்து ஸ ஆகவோ ஶ ஆகவோ இருக்கலாம், இரண்டும் ஒரே வடிவில் தெரியும். ஸ்ரீரங்கம் பில்களில் பாதி வரவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நேரடியாக ரீப்ளேஸ் எழுதுவதே வழி. பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்த தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பதும் உண்டு. அதை வடிகட்ட முயல்வதைவிட மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவது மேல்.

பைத்தானின் ரீ தொகுதியில் "சொல் எழுத்து" என்பதைக் குறிக்கும் \ குறியோடு டபிள்யூ, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. "தமிழ்" என்பது "தம", "ழ" என்று உடையும். சொல் எல்லைக் குறியும் இதனாலேயே தவறான இடத்தில் நிற்கும். தனியாக நிறுவக்கூடிய ரீஜெக்ஸ் என்னும் தொகுதி இதைச் சரியாகச் செய்யும்.

பெயர்களில் முன்னெழுத்து எங்கே வரும் என்பதற்கு விதியில்லை: "க. முருகன்", "க.முருகன்", "முருகன் க". "மு என்று தொடங்குவது" என்ற நிபந்தனை முதல் இரண்டையும் விட்டுவிடும். முன்னெழுத்துக்குத் தனி நெடுவரிசை வையுங்கள். ஊர்ப் பெயரில் திருச்சி, திருச்சிராப்பள்ளி; நெல்லை, திருநெல்வேலி என்று இரட்டைப் பெயர்கள் வரும். வழக்குப் பெயர் ஒரு பக்கம், ஏற்றுக்கொண்ட பெயர் ஒரு பக்கம் என்று சிறிய அட்டவணை போட்டு, எக்ஸ்லுக்அப்பால் புது நெடுவரிசையில் ஒரே பெயராக்கிவிட்டு அதில் ஃபில்டர் போடுங்கள். ஒரே பெயரில் பல ஊர்களும் உண்டு: ஆத்தூர் சேலம் மாவட்டத்திலும் இருக்கிறது, தூத்துக்குடி மாவட்டத்திலும் இருக்கிறது. மாவட்ட நெடுவரிசை இல்லாமல் அதைப் பிரிக்க முடியாது.

விடுபட்டதைத் தேடுவது

ஒவ்வொரு ஃபில்டருக்கும் மூன்று எண்ணிக்கை எடுங்கள்: நிபந்தனைக்குப் பொருந்துவது, பொருந்தாதது, அந்த நெடுவரிசை காலியாக உள்ளது. காலியைப் பொருந்தாததோடு சேர்க்காமல் எண்ணுங்கள். மூன்றும் சேர்ந்து மொத்த வரிசைக்குச் சமமாக வர வேண்டும். அதேபோல் தொகையையும் மூன்றாகக் கூட்டி, மூலக் கணக்கில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை சரியாகவும் தொகை தவறாகவும் இருந்தால் எழுத்தாகக் கிடக்கும் எண் ஏதாவது இருக்கலாம்.

எண்கள் சரியாக வந்தாலும் "மதுரை மாநகர்" பொருந்தாத பக்கம் நின்றுகொண்டிருக்கலாம். அதற்கு, பொருந்தாத வரிசைகளின் ஊர்ப் பெயர்களை மட்டும் தனித்த பட்டியலாக எடுங்கள். எக்செலில் யுனீக், எஸ்கியூஎல்லில் டிஸ்டிங்க்ட், பாண்டாஸில் வேல்யூ கவுண்ட்ஸ்; கடைசியில் டிராப்என்ஏ என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் காலிகளும் எண்ணிக்கையில் வரும். 750 வரிசை அறுபது எழுபது பெயர்களாகச் சுருங்கும். அகர வரிசையில் அடுக்கி, பக்கத்தில் நீளத்தையும் போட்டு, ஒவ்வொன்றாகப் படியுங்கள். ஒன்று அல்லது இரண்டு முறை மட்டும் வரும் பெயர்களை முதலில் பாருங்கள். தட்டச்சுப் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கிடைத்ததை ஃபில்டர் நிபந்தனையில் சேர்த்து நீட்டிக்கொண்டே போகாமல், மேலே சொன்ன பெயர் அட்டவணையில் ஒரு வரியாகச் சேருங்கள். அடுத்த மாதம் அதே பிழை வந்தால் தானாகத் திருந்தும்.